கடைசியாகச் சாப்பிட்டு முடிக்கும் குழந்தை

மதிய உணவு இடைவேளையில் வரிசையாக அமர்ந்து சாப்பிடும் மாணவர்களை ஒரு வாரம் மட்டும் கவனித்துப் பாருங்கள். முட்டையை முதலில் சாப்பிடுபவர், அதைக் கடைசி வரை பத்திரப்படுத்துபவர், பக்கத்துத் தட்டைப் பார்ப்பவர் எல்லாரும் நமக்குப் பழக்கமானவர்கள்தாம். சில பள்ளிகளில் அந்த வரிசையில் வேறொரு குழந்தையும் இருக்கும். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும். "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்கக்கா" என்று கேட்டு வாங்கிச் சோற்றைக் கஞ்சிபோலக் கரைத்துக்கொள்ளும். முட்டையைப் பிட்டுப் பிட்டுத் தூளாக்கும். மற்றவர்கள் தட்டைக் கழுவிவிட்டு விளையாடப் போன பின்னும் பாதித் தட்டோடு உட்கார்ந்திருக்கும். மணி அடித்ததும் மீதியைக் கொட்டிவிட்டு வகுப்புக்கு ஓடும்.

"சாப்பாட்டுல அக்கறை இல்லாத பிள்ளை", "அடம்", "வீட்டுல செல்லம்" என்று பெயர் வைத்துவிடுவது எளிது. பெரும்பாலும் காரணமும் பெரிதாக இருக்காது. ஆனால் அப்படி உண்ணும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையிலேயே உணவு இறங்குவதில்லை. தொண்டையைத் தாண்டிய உணவு நெஞ்சுக்குள் நின்று நின்று போகிறது. அதற்கான காரணங்களுள் ஒன்று, உணவுக்குழாயில் ஒவ்வாமையால் ஏற்படும் நாள்பட்ட அழற்சி. மருத்துவர்கள் இதை 'ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ்' என்கிறார்கள். நாம் இங்கே 'ஈசினோஃபில் உணவுக்குழாய் அழற்சி' என்று வைத்துக்கொள்வோம்.

மருத்துவர் ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பார்க்கிறார்; அப்போது அது சாப்பிடுவதில்லை. பெற்றோர் பார்க்கிறார்கள், ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் அது அவர்களுக்கு வித்தியாசமாகத் தெரிவதில்லை. அதே வயதுடைய ஐம்பது குழந்தைகள் அதே உணவை அதே நேரத்தில் உண்பதை வாரத்துக்கு ஐந்து நாள் பார்ப்பவர்கள் ஆசிரியர்களும் சத்துணவுப் பணியாளர்களும் மட்டுமே. இந்த நோயைப் பற்றி ஆசிரியர் இதழில் எழுதுவதற்கு இதுவே காரணம்.

குழாயும் அலையும்

ஒன்பதாம் வகுப்பில் செரிமான மண்டலம் நடத்தும்போது உணவுக்குழலை இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். வாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு குழாய், அவ்வளவுதான் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள இந்தக் குழாய் தண்ணீர்க் குழாய் போன்றதன்று. அதன் சுவரிலுள்ள தசைகள் மேலிருந்து கீழாக அடுத்தடுத்துச் சுருங்கி, உணவுக் கவளத்தைத் தள்ளிக்கொண்டு போகின்றன. தலைகீழாக நின்றாலும் விழுங்கியது இரைப்பைக்குப் போய்ச் சேர்வது இதனால்தான்.

இதை வகுப்பில் காட்ட ஒரு பழைய சைக்கிள் டியூபின் ஒரு முழத் துண்டு போதும். உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, டியூபுக்குள் கொள்ளுமளவு ஒரு கோலிக்குண்டைப் போட்டு, விரல்களால் பின்னாலிருந்து பிதுக்கச் சொல்லுங்கள். குண்டு நகரும். இப்போது டியூபின் நடுவில் ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி தள்ளச் சொல்லுங்கள். வளையம் உள்ள இடத்தில் குண்டு நிற்கும். எவ்வளவு பிதுக்கினாலும் நகராது. அதே இடத்தில் தண்ணீர் தாராளமாகப் போகும். திரவம் இறங்கும், திடப்பொருள் நிற்கும். இந்த நோயுள்ள குழந்தை ஏன் சோற்றைக் கரைத்துக் குடிக்கிறது என்பதற்கான விடை இந்த டியூபிலேயே இருக்கிறது.

சிவப்பாகச் சாயமேறும் அணு

பத்தாம் வகுப்பில் இரத்த வெள்ளையணுக்களின் வகைகளைப் படிக்கும்போது ஈசினோஃபில் என்ற பெயர் வருகிறது. ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் 1879-இல் இரத்தத் துளிகளுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்கும் துகள்கள் நிறைந்த ஒரு வகை அணுவைக் கண்டு அதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஈயோஸ் என்றால் கிரேக்கத்தில் விடியல். விடியற்கால வானத்தின் நிறத்தை ஏற்கும் அணு.

அந்தச் சிவப்புத் துகள்களுக்குள் இருப்பவை காரமான புரதங்கள். உடலுக்குள் நுழையும் புழுக்களைத் தாக்குவதற்கு அவை உதவுகின்றன. இரைப்பையிலும் குடலிலும் ஈசினோஃபில்கள் சிறிதளவு எப்போதும் இருக்கும், அது இயல்பு. நலமான உணவுக்குழாயின் உட்படலத்தில் மட்டும் அவை இருப்பதில்லை. ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு, சில உணவுப் புரதங்களுக்கு எதிர்வினையாக இந்த அணுக்கள் அங்கே கூட்டமாகக் குடியேறி, எதிரியே இல்லாத இடத்தில் தம் புரதங்களைக் கொட்டுகின்றன. படலம் வீங்குகிறது, தடிக்கிறது, வெள்ளைப் புள்ளிகளும் நீளவாக்கில் பள்ளங்களும் தோன்றுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் புண் ஆறிய இடம்போல நார்த்திசு படிந்து, குழாய் விறைத்துச் சுருங்குகிறது. உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். நம் ரப்பர் வளையம் அதுதான்.

நோயை உறுதிசெய்ய ஒரே வழி, மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி குழாயைச் செலுத்தி, உணவுக்குழாயின் வெவ்வேறு மட்டங்களிலிருந்து கடுகளவு திசுத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அதிக உருப்பெருக்கத்தில் ஒரே பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோஃபில்கள் இருந்து, விழுங்குவதில் தொல்லையும் இருந்து, வேறு காரணங்களும் விலக்கப்பட்டால் இந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள். அணுக்கள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அதனால் குறைந்தது 6 துணுக்குகள் எடுக்க வேண்டும் என்பது நடைமுறை.

'ஈஸ்னோபீலியா' வேறு, இது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர்களில் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடுபவரையும், இரவில் இருமுபவரையும் "அவனுக்கு ஈஸ்னோபீலியா" என்று சொல்லும் வழக்கம் உண்டு. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோஃபில் சதவீதம் கூடியிருப்பதைப் பார்த்து வந்த பெயர் அது. நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் இரத்தத்தில் இந்த அணு கூடுவதற்குக் குடற்புழு ஒரு பொதுவான காரணம். யானைக்கால் நோய்ப் புழுவுக்கு எதிராக நுரையீரலில் ஏற்படும் எதிர்வினையும் ஒரு காரணம். தூசி ஒவ்வாமை இன்னொன்று.

ஆகவே இரத்தத்தில் எண்ணிக்கை கூடியிருந்தால் உணவுக்குழாயில் நோய் என்று பொருளில்லை. உணவுக்குழாயில் நோய் உள்ளவருக்கு இரத்தத்தில் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கவும் கூடும். "பிளட் டெஸ்ட் எடுத்தோம் சார், ஒண்ணுமில்லைனுட்டாங்க" என்று பெற்றோர் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு இருமுறை பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை குடற்புழுவுக்கானது. அதை ஒழுங்காகக் கொடுப்பது வேறு பல நன்மைகளுக்காக. இந்த நோய்க்கு அது மருந்தாகாது.

பத்துக் குழந்தைகளிடம் கிடைத்த விடை

இது தனி நோய் என்பதையே மருத்துவ உலகம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. 1993-இல் ஸ்டீபன் அட்வுட்டும் குழுவினரும் விழுங்கச் சிரமப்பட்ட 12 பெரியவர்களைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராமன் 10 பேரைப் பற்றி எழுதினார். அதுவரை உணவுக்குழாயில் ஈசினோஃபிலைக் கண்டால் இரைப்பை அமிலம் எதுக்களித்து மேலேறியதால் வந்தது என்றே கருதினார்கள்.

உணவுதான் காரணம் என்பதை வெளிச்சமாக்கியது 1995-இல் அமெரிக்காவில் கெவின் கெல்லியும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வு. அமில மருந்துக்குக் கட்டுப்படாத 10 குழந்தைகளுக்கு வழக்கமான உணவை முற்றிலும் நிறுத்திவிட்டு, புரதங்களே இல்லாமல் அமினோ அமிலங்களால் மட்டும் தயாரித்த பால்பொடி போன்ற உணவைச் சில வாரங்கள் கொடுத்தார்கள். 8 பேருக்குத் தொல்லை முற்றிலும் நீங்கியது. 2 பேருக்குக் குறைந்தது. பிறகு உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தபோது தொல்லை திரும்பி வந்தது. பத்துப் பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் நீக்கினால் போகிறது, சேர்த்தால் வருகிறது என்று இரு திசையிலும் சோதித்ததால் அது வலுவான சான்றாயிற்று. அறிவியல் ஆய்வுமுறையை விளக்க ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அந்தப் பொடியின் சுவையை எந்தக் குழந்தையும் நெடுநாள் சகித்துக்கொள்ளாது, செலவும் அதிகம். எனவே 2006-இல் சிகாகோவில் குழந்தைகளுக்கு ஆறு உணவு வகைகளை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள்: பால், கோதுமை, முட்டை, சோயா, வேர்க்கடலையும் பிற கொட்டைகளும், மீனும் ஓட்டுடலிகளும். ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பலன் கிடைத்தது. 2023-இல் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஒப்பீட்டில், ஆறையும் நீக்கியவர்களுக்கும் பாலை மட்டும் நீக்கியவர்களுக்கும் குணமான அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் இப்போது பல மருத்துவர்கள் பாலிலிருந்தே தொடங்குகிறார்கள்.

நம் கடற்கரைத் தட்டில்

கோவளம் முதல் தேவநேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை நம் மாவட்டக் கரையோரக் குப்பங்களில் குழந்தையின் உணவு என்ன? காலையில் பால் டீயும் பன்னும்; பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவோ சேமியாவோ பொங்கலோ; மதியம் சோறும் முட்டையும்; இரவில் மீன் குழம்பு, வலை வரும் நாளில் இறாலோ நண்டோ, மழைக்காலத்தில் கருவாடு. பட்டியலிலுள்ள ஆறில் நான்கு இதில் இருக்கின்றன. ரவையும் சேமியாவும் கோதுமை என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

கடலோரத்தில் ஒவ்வாமை என்றதும் எல்லாரும் இறாலைத்தான் நினைப்பார்கள். இறால் ஒவ்வாமை நாம் அறிந்த வேறு வகை. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்கும், உடம்பு தடிப்புத் தடிப்பாகும், மூச்சு இளைக்கும். அது உயிருக்கு ஆபத்தான அவசர நிலையாக மாறலாம். உணவுக்குழாய் அழற்சி அப்படி நேரத்தோடு வந்து காட்டிக்கொடுப்பதில்லை. இன்று உண்டது வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்கிறது. அதனால் "எதைச் சாப்பிட்டதும் வருது?" என்று கேட்டு விடை காண முடியாது. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையும் இதில் நம்பத்தக்க வழிகாட்டியாக இருப்பதில்லை. ஆறு உணவுகளில் மீனும் இறாலும் குற்றவாளியாக இருப்பது குறைவு என்றே மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன; பாலும் கோதுமையும் முட்டையும்தான் முன்னால் நிற்கின்றன.

இதைப் படித்துவிட்டு எந்த ஆசிரியரும் ஒரு குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட வேண்டாம். பெற்றோரிடம் "பாலை நிறுத்திப் பாருங்கள்" என்றும் சொல்ல வேண்டாம். கடலுக்குப் போகாத நாள்களில் பல வீடுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் முழுமையான புரதம் பள்ளியில் கொடுக்கும் அந்த ஒரு முட்டைதான். திசுப் பரிசோதனைக்கு முன்பே உணவை நிறுத்தினால் அணுக்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். உணவு நீக்கம் என்பது மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து, நீக்கியதற்கு ஈடு கொடுத்து, அளந்து செய்யும் சிகிச்சை.

சாப்பாட்டு வரிசையில் தெரிவது

நோயின் முகம் வயதுக்கு வயது மாறுகிறது. தொடக்கப் பள்ளி வயதில் விழுங்க முடியவில்லை என்று குழந்தை சொல்லாது. அடிக்கடி வாந்தி, வயிற்றுவலி, உணவை மறுத்தல், எடை கூடாமை என்றுதான் வரும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் உணவு நிற்பது வெளிப்படையாகத் தெரிகிறது. பெண்களைவிட ஆண்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். இளைப்பு, கரப்பான், அடுக்குத் தும்மல் போன்ற ஒவ்வாமைகள் அந்தக் குழந்தைக்கோ குடும்பத்திலோ இருப்பதும் வழக்கம்.

மேல்வகுப்பு மாணவர்களிடம் கவனிக்க வேண்டியது அவர்கள் செய்துகொள்ளும் சமாளிப்புகளை. இந்த நோயின் தந்திரமே அதுதான். குழந்தை தனக்குத் தெரியாமலேயே நோயைச் சுற்றி வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பது, உணவைக் கரைப்பது, மிகச் சிறிதாகப் பிட்டுக்கொள்வது, அளவுக்கு மீறி மெல்லுவது, இறைச்சித் துண்டு, சப்பாத்தி, பரோட்டா, காய்ந்த இட்லி போன்றவற்றைத் தொடாமல் இருப்பது, எல்லாருக்கும் பின்னால் முடிப்பது. வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் அடக்கிவைத்துப் பிறகு துப்பிவிடும் மாணவியைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். மாத்திரை கசக்கிறது என்பதற்காகத் துப்புபவர்களே அதிகம். மாத்திரை நெஞ்சில் நின்றுவிடும் என்று பயந்து துப்புபவர்களும் உண்டு.

கேட்கும் விதமும் முக்கியம். "விழுங்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "இல்லை மிஸ்" என்றுதான் வரும். அதற்கு மேல் எளிதான ஒன்றை அந்தக் குழந்தை அறிந்ததே இல்லையே! மாறாக, "சாப்பிடும்போது தண்ணி இல்லைனா என்ன பண்ணுவே?" என்று கேட்டுப் பாருங்கள். "கல்யாண வீட்டுல பிரியாணி போட்டா எதை முதல்ல ஒதுக்குவே?" "சோறு எங்கேயாவது நிக்குற மாதிரி இருக்குமா? எங்கே, கைவெச்சுக் காட்டு." நம் பிள்ளைகள் "நெஞ்சுல நிக்குது", "இங்கே அடைக்குது", "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வார்கள். தொண்டையைக் காட்டுகிறார்களா, மார்பெலும்பின் நடுவைக் காட்டுகிறார்களா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகச் சாப்பிடும் எல்லாருக்கும் இந்த நோய் என்று நினைத்துவிடவும் கூடாது. சொத்தைப் பல், வாய்ப்புண், பெருத்த உள்நாக்குச் சதை, காரம் பிடிக்காமை, கூச்சம், வீட்டுக் கவலை, வீட்டிலேயே வயிறு நிறைய உண்டு வருதல் என்று காரணங்கள் பல. அமெரிக்காவில் அண்மைய மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 700 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் நாட்டில் மருத்துவ இதழ்களில் பதிவாகும் நோயாளிகள் அதைவிட மிகக் குறைவு. உங்கள் பள்ளியில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் ஒரு குழந்தை திட உணவோடு போராடினால் அதற்கு எந்தப் பெயர் கொடுத்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டியதே. தெரியாமல் வீட்டில் ஆசிட் போன்ற எதையாவது குடித்த பழைய நிகழ்ச்சி உண்டா என்பதையும் பெற்றோரிடம் மெல்லக் கேட்க வேண்டும். அதனாலும் உணவுக்குழாய் சுருங்கும்.

தாமதத்தின் விலையைச் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று எண்களில் காட்டியது. 2013-இல் வெளியான அந்த ஆய்வில் 200 நோயாளிகளைப் பார்த்தார்கள். தொல்லை தொடங்கி 2 ஆண்டுகளுக்குள் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கே உணவுக்குழாய் சுருங்கியிருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேல் கண்டறியப்படாமல் இருந்தவர்களில் அது ஏறத்தாழ 71 சதவீதம். பள்ளி வயதில் வீங்கியிருக்கும் குழாயை மருந்தாலும் உணவாலும் மீட்டுவிடலாம். முப்பது வயதில் விறைத்துப்போன குழாயைப் பலூன் வைத்து விரிக்க வேண்டியிருக்கும்.

சோற்று உருண்டை வேண்டாம்

கண்டறியப்படாத இந்த நோய் சிலருக்கு முதன்முதலாக வெளிப்படுவதே ஓர் அவசர நிலையாகத்தான்: ஒரு துண்டு இறைச்சியோ முட்டையோ உணவுக்குழாயில் சிக்கி மேலும் போகாது, கீழும் இறங்காது. பள்ளியில் அது நிகழ்ந்தால் என்ன செய்வது?

முதலில் மூச்சுக்குழாயில் அடைத்திருக்கிறதா, உணவுக்குழாயில் அடைத்திருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். குழந்தையிடம் பேச்சுக் கொடுங்கள். பேச முடியவில்லை, இருமச் சத்தம் வரவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் அடைப்பு மூச்சுக்குழாயில். ஒரு நொடியும் தாமதிக்காமல், குழந்தையை முன்னால் சாய்த்து இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை வலுவாகத் தட்டுங்கள். போகாவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேல் கைமுஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். அடைப்பு வெளிவரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் தரையில் படுக்கவைத்து, பயிற்சி பெற்றவர் உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். பலமாக இருமிக்கொண்டிருந்தால் தட்ட வேண்டாம், இருமவிடுங்கள். புரையேறினால் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் பழக்கம். சொல்வதில் தவறில்லை, தலையில் தட்டுவதால் பயனும் இல்லை.

மூச்சு சீராக இருக்கிறது, பேசவும் முடிகிறது, ஆனால் நெஞ்சில் அடைக்கிறது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருக்கிறது என்றால் அடைப்பு உணவுக்குழாயில். இங்கேதான் நம் கடற்கரைப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். மீன் முள் சிக்கினால் வெறும் சோற்றை உருண்டையாக்கி மெல்லாமல் விழுங்கச் சொல்வோம், இல்லையென்றால் வாழைப்பழம். உணவு அடைத்துக்கொண்ட குழந்தைக்கு இதைச் செய்தால் அடைப்பின் மேல் இன்னொரு அடைப்பு. முள்ளுக்கும் இது நல்ல வைத்தியமன்று. முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளலாம். தண்ணீரும் சோடாவும் கொடுக்காதீர்கள்; இறங்க வழியில்லாத தண்ணீர் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். விரலை விட்டு வாந்தியெடுக்கவும் வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, எச்சிலைத் துப்ப ஒரு பாத்திரம் கொடுத்து, 108-இல் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்சில் இறங்கவில்லை என்றால் மாலை வரை காத்திருக்கக் கூடாது. தானாகவே இறங்கிவிட்டாலும் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் பின்னர் கட்டாயம் காட்ட வேண்டும்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு

அவசரமில்லாத நேரத்தில் வழி எது? பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டலாம். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கான தேசியச் சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைப்பது அவர்கள் பணிகளில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் இன்னொரு வாசல். அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேவைப்பட்டால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கி.மீ.தான். ஆனால் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது ஒரு நாள் வருமானம். அத்தனை தூரம் போய், நெடுநேரம் வரிசையில் நின்று, "சரியா சாப்பிட மாட்டேங்கிறான் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் சத்து டானிக்கோடு திரும்பி வர நேரிடும். அதே பெற்றோரின் கையில் ஆசிரியர் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு இருந்தால் உரையாடலே மாறும். இரண்டு வாரம் கவனித்து எழுதினால் போதும். ஒரு மாதிரி:

"இம்மாணவர் ஏழாம் வகுப்பு, வயது 12. பத்துப் பள்ளி நாள்கள் மதிய உணவின்போது கவனித்தோம். மற்றவர்கள் 15 நிமிடத்தில் முடிக்கும் உணவுக்கு இவருக்கு 35 நிமிடம் ஆகிறது. ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். நீர் சேர்க்காத உணவை உண்பதில்லை. நான்கு நாள்களில் மார்பின் நடுவே கைவைத்து நிறுத்தினார். இருமுறை உண்டதைத் துப்பினார். திரவ உணவில் தொல்லை இல்லை. இளைப்புக்கு மருந்து எடுத்துக்கொள்வதாகத் தாயார் கூறுகிறார். ஜூன் மாத எடை, இம்மாத எடை கீழே தரப்பட்டுள்ளன."

இதில் நோயின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்த்தது மட்டும் இருக்கிறது. பெயர் வைப்பது மருத்துவர் வேலை; "கூகுளில் பார்த்தேன்" என்று தொடங்கும் குறிப்பை எந்த மருத்துவரும் ஆர்வத்தோடு படிப்பதில்லை. பெற்றோரிடம் பேசும்போதும் அப்படியே. "உங்க பையனுக்கு வியாதி" என்று தொடங்காமல், "சாப்பிடக் கஷ்டப்படுறான்மா, நீங்களும் ஒரு வாரம் பாருங்க" என்று தொடங்கினால் அம்மாவும் கூட நிற்பார்.

சிகிச்சை தொடங்கிய பின்

நோய் உறுதியானால் மருத்துவர் முன் மூன்று வழிகள் உள்ளன: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, உணவுக்குழாயின் உட்படலத்தில் படும்படி விழுங்கும் ஸ்டீராய்டு மருந்து, உணவு நீக்கம். ஒருவருக்கு எது பொருந்தும் என்பது முன்கூட்டியே தெரியாது; ஒன்றைத் தொடங்கிச் சில வாரம் கழித்து மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கிறார்கள். தொல்லை குறைந்தாலும் அழற்சி உள்ளே நீடிக்கக்கூடும் என்பதால்தான் இந்த மறுபரிசோதனை. எனவே அந்த மாணவர் ஆண்டில் சில நாள்கள் விடுப்பு எடுக்க வேண்டிவரும். டூபிலுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென ஒப்புதல் கிடைத்தது. விலை அதிகமானதால் நம் பகுதிக் குடும்பங்களுக்கு இப்போதைக்கு எட்டாதது. மருந்தை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. நீரிழிவுபோல, இளைப்புபோல, கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு வாழும் நோய் இது.

பள்ளி செய்துகொடுக்க வேண்டியவை சிறியவை. உணவு நீக்கம் பரிந்துரைத்திருந்தால் மருத்துவர் சீட்டின் நகலைத் தலைமையாசிரியரும் சத்துணவு அமைப்பாளரும் வைத்துக்கொள்ள வேண்டும். முட்டை நீக்கப்பட்டால் முட்டை உண்ணாத மாணவர்களுக்குக் கொடுக்கும் வாழைப்பழம் இவருக்கும் உண்டு. பிறந்தநாள் சாக்லெட்டிலும் பிஸ்கட்டிலும் பால் இருப்பதை வகுப்பாசிரியர் நினைவில் வைக்க வேண்டும். "யார் முதலில் முடிக்கிறீங்க பார்ப்போம்" என்று தொடக்க வகுப்புகளில் விடும் பந்தயத்தை விட்டுவிடலாம். எந்தக் குழந்தைக்கும் அது நல்லதில்லை. வகுப்பிலும் தேர்வறையிலும் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். இந்த மாணவருக்கு முன்வரிசையில் முதல் ஆளாகப் பரிமாறினால், கடைசி ஆளாக முடித்தாலும் மணி அடிப்பதற்குள் முடிப்பார். காரணத்தை மற்ற மாணவர்களிடம் அறிவிக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் சமையல் செய்யும் அக்காவிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். விழுங்கும் ஸ்டீராய்டு மருந்து உணவுக்குழாயின் சுவரில் ஒட்டி நின்றால்தான் வேலை செய்யும். அதை எடுத்தபின் அரை மணி நேரத்துக்கு எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது மருந்து விழுங்கிவிட்டு வரும் குழந்தை, காலை உணவு பரிமாறும் நேரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். அதன் பங்கு உப்புமாவை மூடி எடுத்துவைத்து, அரை மணி கழித்துக் கொடுக்க வேண்டும்.